சாக்கெட் ஃப்யூஸ் குறித்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

காரின் சார்ஜர் சாக்கெட் மறுபடியும் வேலை செய்யவில்லை என்றும், புதிதாகப் போட்ட ஃப்யூஸும் எரிந்துவிட்டது என்றும், 15 ஆம்பியருக்குப் பதிலாக 30 ஆம்பியர் போட்டால் தொல்லை தீரும் என்று உன்னுடன் வேலை செய்பவர் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். அந்த யோசனையை மட்டும் ஏற்காதே. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும் ஒயர் எவ்வளவு மின்சாரத்தைச் சூடேறாமல் தாங்கும் என்பதைப் பார்த்துத்தான் 15 என்று குறித்திருக்கிறார்கள். 30 போட்டால், ஃப்யூஸ் அறுவதற்கு முன்பே ஒயரின் உறை உருகத் தொடங்கிவிடும். அதை நீ பார்க்கவும் முடியாது. நீல நிற 15-ம் பச்சை நிற 30-ம் ஒரே அளவில், ஒரே இடத்தில் பொருந்துவதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து.

எரிந்த ஃப்யூஸை எறியாமல் வைத்திருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார். உள்ளிருக்கும் இழை நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால் பெரும்பாலும் சுமை கூடியிருக்கிறது. பிளாஸ்டிக்கின் உட்புறம் கருகி, உலோகம் தெறித்திருந்தால் ஷார்ட் சர்க்யூட் என்று சந்தேகிக்கலாம்.

முதலில் காரை அணைத்து, சாவியை எடுத்து, அந்த ஃப்யூஸையும் கழற்றிய பிறகு, டார்ச் அடித்துச் சாக்கெட்டின் உள்ளே பார். அடியில் நடுவிலுள்ள முனை பாசிட்டிவ். சுற்றியுள்ள உலோகச் சுவர் நெகட்டிவ். இரண்டையும் தொட்டபடி ஒரு நாணயமோ, மிட்டாய் சுற்றிய ஈயத்தாளோ, பழைய சார்ஜரின் உடைந்த முனையோ கிடந்தால் போதும், எத்தனை ஃப்யூஸ் போட்டாலும் எரியும். சில்லறை போடும் குழிக்குப் பக்கத்திலேயே மூடியில்லாத சாக்கெட்டை வைக்கிறவர்களின் அறிவை நான் என்றுமே வியந்திருக்கிறேன். உள்ளே இருப்பதை மரக்குச்சியாலோ பிளாஸ்டிக் இடுக்கியாலோ எடு.

பின்னர் அதே 15 ஆம்பியர் ஃப்யூஸைப் போட்டு, எதையும் செருகாமல் சாவியைத் திருப்பிச் சற்று நேரம் விட்டுவை. அப்போதே எரிந்தால் கோளாறு சாக்கெட்டிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. மேற்கொண்டு நீ கை வைக்க வேண்டாம். எரியவில்லையென்றால் போன் சார்ஜரைச் செருகு. அது எடுப்பது சொற்பம். ஆகவே அதைச் செருகிய கணமே எரிந்தால் அந்தச் சார்ஜர்தான் பழுது.

நான் அதிகம் சந்தேகப்படுவது டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் மடிக்கணினிக்கு நீ வாங்கிய இன்வெர்ட்டரையும்தான். 12 வோல்ட்டில் 15 ஆம்பியர் என்றால் 180 வாட். 150 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால், அதற்குள்ளேயே வீணாவதையும் சேர்த்து, அந்த எல்லையை நெருங்கிவிடும். பம்ப் தனியாகவே 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். பல கார்களில் முன் சாக்கெட்டும் பின் சாக்கெட்டும் ஒரே ஃப்யூஸில்தான் இருக்கும். ஆதலால் இரண்டையும் வெவ்வேறு சாக்கெட்டில் செருகியதால் சுமை பிரிந்துவிட்டதாக எண்ணாதே. ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் இருக்கும் படத்தையோ காரின் கையேட்டையோ பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போக நேர்ந்தால், எதையும் செருகாதபோது எரிந்ததா, செருகியவுடனா, ஓடிக்கொண்டிருக்கும்போதா என்பதைத் தெளிவாகச் சொல். சாக்கெட் வேலை செய்யவில்லை என்று மட்டும் சொன்னால், அவரும் புது ஃப்யூஸ் ஒன்றைப் போட்டு உன்னை அனுப்பிவிடுவார்.

அன்புடன்,
அப்பா