பித்தளை அண்டாவின் பூர்வீகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் சீர்வரிசையாக வந்த பித்தளை அண்டாக்கள் இன்றும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பித்தளையில் கலந்துள்ள செம்பும் துத்தநாகமும் எரிமலைக் குழம்பிலிருந்து மட்டுமே பிறந்தவை என்று மாணவர்கள் பலர் எண்ணுவது, புவியியல் கற்பித்த எனக்கு மிகுந்த வருத்தம் அளிக்கிறது.

பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. ஆகவே சில கிலோமீட்டர் ஆழத்தில் புதைந்த படிவுப் பாறைகளின் இடுக்குகளில் தங்கிய உப்புநீர், எரிமலையின் துணையின்றியே 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறி, பாறைகளில் சிதறிக் கிடக்கும் காரீயத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துச் சுமந்து சென்று, கந்தகம் கிடைக்கும் சுண்ணாம்புப் பாறையில் தாதுவாக இறக்கி வைக்கிறது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பள்ளத்தாக்குப் படிவுகள் இவ்வாறு உருவானவையே. அந்தப் பழைய வெப்பத்தை இன்றும் அளக்க முடிகிறது என்பதுதான் பெரும் வியப்பு: படிகத்துக்குள் சிறைப்பட்ட நுண்ணிய நீர்த்துளியை உருப்பெருக்கியின் கீழ் சூடாக்கி, அதிலுள்ள குமிழி மறையும் வெப்பநிலையைக் குறித்தால், தாது படிந்தபோது இருந்த குறைந்தபட்ச வெப்பம் தெரிந்துவிடும்.

நம் மண்ணின் செம்புறாங்கல்லில் உள்ள இரும்பு, மழைநீர் மற்றவற்றைக் கரைத்துச் சென்றபின் எஞ்சியது. அதற்கு இந்த ஆழ்வெப்பம் காரணமன்று. இவ்வேறுபாட்டை விளக்கும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
காரைக்குடி.