தங்க ஓரமும் உப்புக் காற்றும்

தூத்துக்குடி,
புதன் இரவு

அன்புள்ள மாப்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. போனிலேயே கேட்டிருக்கலாம் நீ. ஆனாலும் உறையைப் பிரித்ததும் உன் 'ழ'வைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். வாத்தியார் சிலேட்டில் போட்டுக் காட்டிய அதே சுழி, அதே வால். முப்பது வருஷமாக பிரஷ் பிடிக்காத கை மாதிரியே இல்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். என் வலது தோள்தான் ஏணியைக் கண்டாலே முறைத்துக்கொள்கிறது. மேலே ஏறுவதெல்லாம் இப்போது பையன்கள்தான்.

சரி, ராமேஸ்வரம் லாட்ஜ் போர்டு விஷயம். உள்ளே லைட் எரிகிற எழுத்துகளுக்குப் பளபளக்கிற தங்க ஓரம்தான் வேண்டும் என்று ஓனர் நிற்கிறார், எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடவா, அலுமினியம் ட்ரிம் (ஓரப்பட்டை) போடவா என்று கேட்டிருக்கிறாய். மதுரையில் மாட்டுகிற போர்டு என்றால் எதையாவது போடு என்று எழுதியிருப்பேன். ராமேஸ்வரத்தில் காற்றே உப்பு. 202 கிரேடு எஸ்.எஸ். அங்கே ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் டீக்கறை மாதிரி புள்ளி புள்ளியாகத் துருவை எடுத்துவிடும். 304 கொஞ்சம் தாங்கும், ஆனால் அடிக்கடி நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். மூன்றாவது மாடியில் யார் துடைப்பார்கள்? 316 நல்லதுதான், அந்த விலைக்கு ஓனர் ஒத்துக்கொள்ள மாட்டார். கடைக்காரர் 304 என்று சொல்லிக் கொடுத்தால் காந்தத்தை ஒட்டிப் பார்த்து ஏமாறாதே. 202-லும் அது ஒட்டாது. பேட்டரி வைத்துப் பார்க்கிற சொட்டு மருந்து கிடைக்கிறது, ஒரு சொட்டு விட்டால் 202 சிவந்து காட்டிக் கொடுத்துவிடும். டைட்டானியம் கோல்டு என்று தங்கக் கலர் ஏற்றி வருகிற எஸ்.எஸ். தகட்டில் இன்னொரு வம்பு. கலர் ஏற்றின பிறகு வெல்டிங் வைத்தால் அந்த இடம் கருகும். எழுத்தைச் செய்து முடித்துத்தான் கோட்டிங்குக்கு அனுப்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், தங்கக் கலர் பெயின்ட் ஏற்றிய அலுமினியம் காயில், அதாவது சுருளாக வருகிற பட்டை, போடு. பெயின்ட் கீறாதவரைக்கும் உப்பு உள்ளே போகாது. மாட்டும்போது மட்டும் எஸ்.எஸ். ஸ்க்ரூவை அலுமினியத்தில் நேராக இறக்காதே. உப்பு ஈரத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் மாவாக உதிரும். நைலான் வாஷர் கொடு, இல்லையென்றால் அலுமினிய ரிவெட் அடி.

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது ஓரத்தின் அகலம். நீ அனுப்பிய சாம்பிளில் பட்டை எழுத்தின் முன்பக்க அக்ரிலிக் முகத்தின் மேல் கால் அங்குலம் மடிந்து வருகிறது. இங்கிலீஷ் எழுத்துக்கு அது அழகு. தமிழுக்குப் போட்டுப் பார். லாட்ஜ் பெயரில் இரண்டு மெய்யெழுத்து இருக்கிறதே, அந்தப் புள்ளி இரண்டு அங்குல வட்டம் என்று வை. சுற்றிலும் கால் அங்குலம் போனால் ஒன்றரை அங்குலம்தான் மிச்சம். வெளிச்சம் வருகிற பரப்பில் ஏறக்குறைய பாதியை ஓரமே தின்றுவிட்டது. 'ண'வும் தப்பாது. ஒன்றரை அங்குலக் கோட்டில் இரண்டு பக்கமும் ஓரம் போனால் எரிவது ஒரு அங்குலம். பகலில் ஓரத்தோடு சேர்ந்து கொழுகொழு என்று தெரியும் எழுத்து, ராத்திரி லைட் போட்டதும் பட்டினி கிடந்தவன் மாதிரி ஒட்டிப்போகும்.

அதனால் கட்டிங்குக்கு அனுப்பும் முன் கம்ப்யூட்டரில் கோரல்ட்ராவில் ஓர அகலத்துக்கு ஒரு காண்டூர் (எழுத்தைச் சுற்றி வரும் கோடு) வெளிப்பக்கம் கொடுத்து எழுத்தைத் தடியாக்கு. உள்சுழிகள் அடைபடாமல் பார்த்துக்கொள். புள்ளிக்கு ஓரமே வேண்டாம், முகத்தை அப்படியே பட்டையின் மேல் ஒட்டிவிடு. தமிழ் 5, ஆங்கிலம் 3 என்ற கணக்கில் தமிழ்தானே பெரிதாக வரப்போகிறது? இடம் இருக்கிறது, தாராளமாகப் போடு.

ஒரு அடி வாங்கிய கதையும் சொல்கிறேன். போன மார்கழியில் நாலடி உயரத்தில் ஒரு 'க' செய்தோம். ராத்திரியில் அக்ரிலிக் முகத்தை அலுமினிய ஓரத்துக்குள் இம்மி இடைவெளி இல்லாமல் இறுக்கினேன், நேர்த்தி என்று நினைத்துக்கொண்டு. சித்திரை வெயிலில் முகம் அப்பளம் மாதிரி உப்பி, ஒரு மூலை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. முப்பது டிகிரி ஏறினால் நாலடி அக்ரிலிக் இரண்டரை மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. மீதி எங்கே போகும்? என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். நீ சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் விட்டுவிடு. கீழே தண்ணீர் வடிய ஓட்டை போட மறக்காதே, அதற்குள் சின்னதாக வலை வை. பல்லி போய்ப் படுத்துக்கொள்கிறது. சிலிக்கானில் வினிகர் வாடை அடிப்பதைத் தொடாதே, நியூட்ரல் என்று கேட்டு வாங்கு.

மெஷின் வளைக்காத சின்னச் சுழிக்குக் கையால் ஒரு 'ண' வளைத்து வைத்திருக்கிறேன், அரை அங்குலக் குழாய்த்துண்டைச் சுற்றி. நாளைக் காலை மதுரை பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், மாட்டுத்தாவணியில் வாங்கிக்கொள். லைட் கொடுத்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு எழுது. மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிகிறதா என்று மட்டும் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் மாப்ளை