வலது பக்கம் பை வைத்த சட்டை

மன்னார்குடி,
ஆடி 22

அன்பு மகள் தமிழரசிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையும் பேரனும் நலம்தானே?

போனில் நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நீ நான்கு கேள்வி கேட்டுவிடுகிறாய், கடைசியில் அழுதும்விடுகிறாய். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் மண்வெட்டியோடு நின்றதைப் பார்த்துப் பதறிப்போனாய். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்கே வந்துவிடுங்கள் என்றாய். ஒன்றை நீ கவனிக்கவில்லை, ஆயி. மண்வெட்டி என் வலது தோளில் இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இடது தோளில் கிடந்தது அது. இப்போது இடது காறை எலும்புக்குக் கீழே, இதயத் துடிப்பைக் காக்கும் பேஸ்மேக்கர் பெட்டி இருக்கிறது. அதனால் மண்வெட்டியும் துண்டும் வலப்பக்கம் குடிபோய்விட்டன.

உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். போன கார்த்திகையில் வாய்க்கால் பாசியில் வழுக்கி விழுந்தேன் என்றேன் அல்லவா? வழுக்கவில்லை. நின்றுகொண்டிருந்தவனுக்குக் கண் இருட்டியது. விழித்தபோது இடுப்பளவு தண்ணீரில் நாணலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பும் இரண்டு முறை அப்படி வந்திருக்கிறது. வயதாகிவிட்டது, பித்தம் என்று நானே வைத்தியம் சொல்லிக்கொண்டேன். அம்மாதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனாள். நாடி நிமிடத்துக்கு 34. டாக்டர் என்னை வீட்டுக்கே விடவில்லை.

இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழ் அறைக்குப் போய்ச் சேரவில்லை என்று படம் வரைந்து காட்டினார். மதகு ஷட்டரைத் திறந்து மூடும் லஸ்கர் வேலை பார்த்தவனுக்கு இது புரியாதா? மேட்டூரில் திறந்தாகிவிட்டது, கல்லணைக்கும் வந்துவிட்டது, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் நம் பாமணி ஆற்றுக்கும் பிரித்துவிட்டார்கள். ஆனால் கடைமடையில் வயல் வெடித்துக் கிடக்கிறது. என் நெஞ்சுக்குள்ளும் அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் பெட்டி இப்போது நான் செய்த வேலையைச் செய்கிறது. மேலே துடிப்பு வந்ததா என்று பார்க்கிறது. அது கீழே போய்ச் சேராவிட்டால் மட்டும் தன் பங்குக்கு ஒரு துடிப்பை அனுப்புகிறது. தானாகவே போய்விட்டால் பேசாமல் இருந்துவிடுகிறது. சும்மா சும்மா ஷட்டரைத் தூக்குபவன் நல்ல லஸ்கர் இல்லை என்று எங்கள் ஓவர்சியர் சொல்வார்.

வைக்கும்போது வலி பெரிதாக இல்லை. அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தார்கள்; டாக்டர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த ஆறு வாரம்தான் பெரும்பாடு. பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் ஒயர் நகர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். அம்மாதான் சட்டை மாட்டிவிட்டாள். ராஜகோபால சுவாமி சந்நிதியில் பழக்கத்தில் இரண்டு கைகளும் தலைக்கு மேல் போகப் பார்த்தன. அவள் என் இடது முழங்கையைப் பிடித்து அழுத்தி, "நெஞ்சோடு கும்பிட்டால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்" என்றாள். இரவில் இடது பக்கம் புரண்டு படுக்கவே பயந்தேன். விரலால் தொட்டால் தோலுக்கு அடியில் ஒரு விளிம்பு தட்டுப்படும். தீப்பெட்டியைவிட மெல்லியது. தொட்டுத் தொட்டுப் பார்த்தே விடியும். பங்குனி வாக்கில் ஒருநாள் காலையில் பல் துலக்கும்போதுதான், ராத்திரி தொட்டுப் பார்க்க மறந்துவிட்டேன் என்பது நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு கதை கேட்டேன். 1958 அக்டோபர் 8 அன்று சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் உலகிலேயே முதன்முதலாக உடலுக்குள் இந்தக் கருவியை வைத்தார்கள். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து வார்த்ததாம்! சில மணி நேரத்திலேயே அது நின்றுபோனது. வேறொன்றை வைத்தார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றி வாழ்ந்தவர், 2001-இல் தம் 86-ஆவது வயதில் வேறு நோயால் இறந்தார். வைத்த டாக்டரும் செய்த பொறியாளரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். டாக்டர்களை விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர் அவர் மனைவிதானாம். இதைச் சொன்னதிலிருந்து உன் அம்மாவுக்குத் தலை கனத்துவிட்டது.

எனக்கு அத்தனை பெட்டி தேவைப்படாது. இன்றைய பேட்டரி எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரும் என்கிறார்கள். அதாவது, ஏறக்குறைய ஒரு மகாமகத்திலிருந்து அடுத்த மகாமகம் வரை.

எதற்கெல்லாம் ஒதுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெல்டிங் பட்டறைக்குள் போவதில்லை. முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயரைப் பக்கத்து வீட்டுத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். ஓடும் மோட்டார் மேல் கவிழ்ந்து பார்ப்பதில்லை. நீ வாங்கிக் கொடுத்த இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லப்போக, அம்மா என்னைச் சமையலறைக்குள்ளேயே விடுவதில்லை. காபி போடும் வேலை மிச்சம். விமான நிலையத்தில் பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டிவிட்டுச் சோதனை வாசல் வழியாகச் சாதாரணமாக நடந்து போகலாமாம். கையில் பிடிக்கும் கருவியை மட்டும் நெஞ்சருகே வைத்துக்கொண்டே இருக்க விடக் கூடாது. ஆகவே சிங்கப்பூருக்கு வருகிறேன், பேரனைப் பார்த்துவிட்டு ஒரு மாதத்தில் திரும்புகிறேன். குத்தகைப் பேச்சை மட்டும் எடுக்காதே.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும், பயந்துவிடாதே. "இதை வைத்தால் உயிரே போகாதாமே" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். அப்படியெல்லாம் இல்லை. நேரம் வந்தால் பெட்டி துடித்தாலும் இதயம் துடிக்காது. அப்போது, எரிப்பதற்கு முன்பு அதை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி நெருப்பில் வெடிக்கும். உன் அண்ணன் அழுகிற அழுகையில் இதை மறந்துவிடுவான். நீ நினைவு வைத்துக்கொள். அட்டை பீரோவில், நிலப் பட்டாவோடு இருக்கிறது.

குறுவை நன்றாகத் தூர் கட்டியிருக்கிறது. ஆடிப்பெருக்கன்று ஆற்றில் இறங்கி முங்கிக் குளித்தேன். கரையில் அம்மா காவல் நின்றாள்.

தீபாவளிக்குச் சட்டை அனுப்புவாய் அல்லவா? செல்போனைப் பெட்டியிலிருந்து பதினைந்து சென்டிமீட்டராவது தள்ளி வைக்க வேண்டுமாம். எல்லாச் சட்டைக்கும் பை இடது பக்கம்தான் இருக்கிறது. இங்கே தையல்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். அங்கே வலது பக்கம் பை வைத்தது கிடைக்குமா என்று பார்.

அன்புடன்,
அப்பா