நவீன நடனத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் சிங்கப்பூர் எஸ்பிளனேட் கலையரங்கில் ஒரு நவீன நடன நிகழ்ச்சி பார்த்தேன். நம் பிள்ளைகளும் சிலர் ஆடினார்கள். பரதத்தின் அரைமண்டியில், முழங்கால் மடக்கி நின்று அழுத்தமாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், தாளத்தின் வேகம் கெடாமல் அப்படியே தரையில் சரிந்து உருண்டு, சக்கர நாற்காலியில் இருந்த இளைஞரின் கையைப் பிடித்து எழுந்தார். பிடித்த கை பிடித்தபடி, மறு கையில் இருவரும் மலர்ந்த தாமரை போன்ற அலபத்ம முத்திரை காட்டினார்கள். சலங்கை இல்லை, தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கம் இல்லை. அவர்கள் மூச்சு வாங்குவது என் வரிசை வரை கேட்டது.

அரங்கில் தமிழர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர் ஆடியவர்களின் சொந்தக்காரர்கள்! அரங்கேற்றம் என்றால் பட்டுப்புடவை சரசரக்கக் குடும்பம் குடும்பமாகப் போகிற நாம், இதை மட்டும் "நமக்கு எங்கே புரியப்போகிறது" என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இந்தச் சாக்கு எனக்கு ஒப்பவில்லை. காலஞ்சென்ற நடனக் கலைஞர் சாந்தா பாஸ்கர் 1958லேயே சீனர்களின் பட்டாம்பூச்சிக் காதலர் கதையைப் பரதத்தில் அமைத்து மேடையேற்றியவர். 1990ல் அவருக்குக் கலாசாரப் பதக்கம் கிடைத்தது. 2007ல் தொடங்கிய மாயா டான்ஸ் தியேட்டர் என்ற நடனக் குழு, பரதத்தையும் நவீன நடனத்தையும் கலந்து ஆடுவதோடு, உடற்குறையுள்ள கலைஞர்களையும் மேடையேற்றி வருகிறது. புதுமை செய்வது இங்குள்ள நம் ஆட்டக்காரர்களுக்குப் பழகிய விஷயம். பார்க்கிற நாம்தான் பின்தங்கிவிட்டோம்.

சரி, பழி முழுவதும் ரசிகர்கள் மேலா? அன்று கொடுத்த கையேட்டில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. எனக்குப் பின்னால் இருந்த பாட்டி பேத்தியிடம் கேட்டுக் கேட்டுத்தான் பார்த்தார். கதைச் சுருக்கம் தமிழில் அரைப் பக்கம் இருந்தால் போதுமே.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்தபின் குழுப்படம் போட்டு 'பார்வையாளர்கள் கண்டு களித்தனர்' என்று எழுதுவதால் யாருக்கு என்ன லாபம்? ஒரு வாரம் முன்னதாகவே சொல்லுங்கள். அப்புறம், நன்றாக இல்லையென்றால் நன்றாக இல்லை என்றே விமர்சனம் எழுதுங்கள், ஆடுகிறவர்களுக்கும் அது உதவும்.

டிக்கெட் விலையைக் காரணம் காட்டுவோரும் உண்டு. உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்கென்று 2025ல் அரசாங்கம் வயது வந்த சிங்கப்பூரர்களுக்குக் கொடுத்த 100 வெள்ளி 2028 இறுதி வரை செல்லும். என் தங்கை வீட்டில் நாலு பேருடையதும் தொடாமல் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி