வரிக் கணக்கைக் கொடுத்துவிடு, கண்ணு

கொழிஞ்சாம்பாறை
மார்ச் 3

அன்புள்ள சுமதிக்கு,

அப்பா எழுதுகிறேன். கனடாவில் உன் வரிக் கணக்கைக் கொடுத்துவிட்டாயா? ஏப்ரல் 30 கடைசி நாள். தொலைபேசியில் கேட்டதற்கு, "வருமானமே இல்லை, கணக்கு எதற்கப்பா" என்றாய். வருமானம் இல்லாதவர்களுக்குத்தான் கண்ணு அது அவசியம்.

ஆசாரி வீட்டுப் பையன் டொராண்டோவிலிருந்து வந்திருந்தான். இதை மட்டும்தான் கேட்டேன், வேறெதையும் விசாரிக்கவில்லை. உன் குட்டிக்காக மாதாமாதம் கனடா அரசு தருகிற பணம், ஜூலை முதல் அடுத்த ஜூன் வரை, முந்தைய ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான் வருமாம். ஒன்றுமே சம்பாதிக்காவிட்டாலும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவருமே கொடுக்க வேண்டும். ஒருவர் விட்டாலும் பணம் நின்றுவிடும்.

உன் அத்தையும் இப்படித்தான். விதவைப் பென்ஷனுக்கு அரசின் அக்ஷயா சேவை மையத்தில் போய், உயிரோடு இருப்பதைப் பதிகிற மஸ்டரிங் செய்ய வெட்கம், வரிசையில் நான்கு பேர் பார்ப்பார்களாம். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். வில்லேஜ் ஆபீசில் வருமானச் சான்று கேட்கக் கூசி, வாசலோடு திரும்பிய எத்தனையோ பேரைப் பார்த்தவன் நான். அவர்களுக்கு உரிய பணம் அவர்களுக்குப் போகவே இல்லை. நீ அப்படி இருக்காதே.

பள்ளிக்கூடம் படிக்கும்போதே பால் சொசைட்டிக் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தவள் நீ. அதை இன்றும் ஊரில் சொல்கிறேன். அப்படிப்பட்டவள் எங்களிடம் மட்டும் எதையும் சொல்வதில்லை.

இன்னொன்று, பொதுவாகச் சொல்கிறேன். மனக்கசப்பில் கணவனும் மனைவியும் பிரிந்து 90 நாள் ஆகிவிட்டால் அதையும் வரித் துறைக்குத் தெரிவிக்க வேண்டுமாம். அதன்பிறகு ஒருவர் வருமானத்தை மட்டும் பார்த்துத் தொகையைக் கணக்கிடுவார்கள். பிரிந்திருக்கிற தாய்க்கு அதில் கூடுதலாகவே கிடைக்கலாம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்குப் பிறகு அவர் பேசவே இல்லை. வேலை அதிகம் என்கிறாய், இருக்கட்டும்.

வருமானம் குறைந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் இலவசமாகவே கணக்கை முடித்துத் தருகிறார்களாம். மார்ச், ஏப்ரலில் பல இடங்களில் உட்காருவார்கள். காசு செலவாகும் என்று தள்ளிப் போடாதே. தேதி தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதே, கொடுத்துவிடு. பணம் உன் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரட்டும். இப்போது குடியிருக்கும் வீட்டு முகவரியையே எழுது.

இந்தக் கடிதத்தைப் பழைய முகவரிக்குத்தான் அனுப்புகிறேன். வேறு வீடென்றால் எனக்கும் எழுது. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
அப்பா