துப்பாக்கி சுடுதல் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் உங்கள் முன் வைப்பார். கையிருப்பு கூடியிருப்பதைப் பார்த்து, சந்தாவைக் குறைக்கலாமே என்று உறுப்பினர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். குறைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அந்தப் பணத்துக்கு ஏற்கெனவே ஒரு செலவு காத்திருக்கிறது.

நம் ஏர் ரைஃபிள்களின் காற்று சிலிண்டர்களைப் பாருங்கள். தயாரித்த தேதி அதன் மேலேயே பொறித்திருக்கும். தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் ஆயுள் 10 ஆண்டுகள். 200 பார், அதாவது வளிமண்டலத்தைப் போலச் சுமார் 200 மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் பொருளில் கெடு கடந்தபின் துணிந்து பார்ப்பதற்கில்லை. காலாவதியாகாத சிலிண்டரை வைத்திருப்பது சுடுபவரின் பொறுப்பு என்று சர்வதேசப் போட்டி விதிகளும் சொல்கின்றன. நம்முடையவை எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கியவை. ஒன்றாகவே கெடு முடியும். அன்றைக்குக் கையேந்தாமல் இருக்கத்தான் இந்தச் சேமிப்பு.

பெல்லட் எனப்படும் சிறு ஈயக் குண்டுகளின் கணக்கைத் தனியே பிரித்தது இந்த ஆண்டு எடுத்த நல்ல முடிவு. போட்டியைப் போலவே ஒரு தடவைக்கு 60 குண்டுகள் என்று வாரம் இருமுறை பயிற்சி செய்பவருக்கு ஆண்டுக்கு 6,000 குண்டுகளுக்கு மேல் ஆகும். எப்போதாவது வருபவரின் சந்தாவிலிருந்து அதை ஈடுகட்டுவது நியாயமில்லை. இப்போது சந்தா, வாடகைக்கும் காப்பீட்டுக்கும் மின்சாரத்துக்கும் போகிறது. குண்டுக்கு அவரவர் அடக்க விலை கொடுக்கிறார்கள்.

இலக்குகளின் பின்னாலுள்ள பெட்டிகளில் சேர்ந்த ஈயத்தை விற்றதில் சிறு வரவு உண்டு. அந்தப் பெட்டிகளைக் காலி செய்யும் தொண்டர்களுக்கான முகக்கவசம், கையுறைச் செலவில் மட்டும் யாரும் கை வைக்க வேண்டாம். துடைப்பத்தால் கூட்டினால் ஈயத்தூசி எழும்பி மூச்சில் ஏறும். அதனால் அவர்கள் ஈரத்துணியால் தரையை அங்குலம் அங்குலமாகத் துடைக்கிறார்கள்.

கணக்கில் சம்பளம் என்ற தலைப்பே இல்லை. சுடுதளப் பாதுகாப்பைக் கவனிப்பவர்களும் கணக்கு எழுதுபவரும் தங்கள் ஓய்வு நாளைக் கொடுத்து உழைக்கிறார்கள். பாதுகாப்புப் பயிற்சிக்கான கட்டணத்தையும் இதுவரை தங்கள் கைப்பணத்திலிருந்தே கட்டியிருக்கிறார்கள். அது எனக்கு மிகுந்த மனவருத்தம் தருகிறது.

எனவே, சிலிண்டர் மாற்றுவதற்கான தொகையைத் தனி வைப்பு நிதியாக ஒதுக்கவும், பயிற்சிக் கட்டணத்தைக் கழகமே ஏற்கவும் இரண்டு தீர்மானங்களைச் செயற்குழு முன்மொழிகிறது. இரண்டையும் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்