ஆன்டெனா கவலை தீரவில்லை, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிஜிட்டல் ஒளிபரப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘மாடி ஏறி ஆன்டெனா திருப்பும் காலம் மலையேறிவிட்டது’ என்று ஒரு வரி. ஆனி, ஆடிச் சாரலில் குளச்சல் பக்கம் வந்து பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறைந்தால் புள்ளி விழும், ஆனாலும் செய்தி காதில் கேட்கும். டிஜிட்டலில் சிக்னலின் குவாலிட்டி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் படம் கட்டம் கட்டமாக உடையும், பிறகு ஒன்றுமே இராது. டிஷ்ஷுக்குச் செயற்கைக்கோளிலிருந்து வரும் ‘கு பேண்ட்’ என்ற உயர் அதிர்வெண் அலையைக் கனமழை விழுங்கிவிடும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வீசியதே, அப்படிப்பட்ட இரவில்தானே மீனவர் வீடுகளுக்குச் செய்தி வேண்டும்?

மழை விட்டும் படம் வராவிட்டால் முதலில் எல்.என்.பி.யில், அதாவது டிஷ்ஷின் முன்னால் நின்று அலையை வாங்கும் கருவியில், கேபிள் சேரும் கனெக்டரைப் பாருங்கள். உப்புக்காற்றும் ஈரமும் புகுந்தால், அந்தக் கம்பியில் மின்சாரமும் போவதால், செம்பு பச்சை பூத்து அரிக்கும். டி.வி. பக்கத்திலுள்ள செட்-டாப் பாக்ஸிலிருந்து 13 வோல்ட் போனால் செங்குத்தாக அதிரும் அலையையும், 18 போனால் கிடையாக அதிரும் அலையையும் எல்.என்.பி. எடுக்கும். அரிப்பில் 18 என்பது 14 ஆகிவிட்டால் கிடை அலைச் சேனல்கள் மட்டும் மொத்தமாகப் போய்விடும். இதற்குப் போய் பாக்ஸை மாற்றிக் காசு வாங்குவது அநியாயம். கேபிள் நுனியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்ற வேண்டும். தண்ணீர் சொட்டிப் போக, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தென்னை இன்னொரு தொல்லை. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கிலிருந்து தெற்கே சாய்ந்து, ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டிஷ்ஷின் முகம் தாழ்வாகத் தெரிவதால் தலைக்கு மேலே ஆடும் ஓலையை யாரும் கவனிப்பதில்லை.

திருவனந்தபுரம் தூர்தர்ஷனைக் காசில்லாமல் ஆன்டெனாவில் பிடித்த விளவங்கோட்டுக்காரர்களுக்கு, கேபிளிலோ கட்டண டிஷ்ஷிலோ பார்க்க 2019-இல் அடிப்படைக் கட்டணமே 130 ரூபாய்வரை, அதற்கு மேல் வரியும் என்றானது. தரைவழி அனலாக் ஒளிபரப்பு பெரும்பாலும் நின்றபோது அவர்களைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த வருத்தம் எங்களுக்கு இன்றும் உண்டு.

ஜூன் மழைக்கு முன், மாவட்டப் பக்கத்தில் கனெக்டருக்கு டேப் சுற்றும் முறையை நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
டிஷ் மெக்கானிக் ஒருவர்,
குளச்சல்.